பிலாத்துக்குக் கை நடுங்கவேண்டியதில்லை

நம் பழைய கோயில் குழுவில் போன கிழமை யாரோ போட்ட வீடியோவை நானும் பார்த்தேன். இயேசுவின் பாடுகளைக் காட்டுகிற பாஸ்கு நாடகத்துக்கு ஒத்திகை. ரோம ஆளுநர் பிலாத்தின் வேஷம் போட்ட அந்தப் பொடியன் பாத்திரத்துத் தண்ணீருக்குள் கையை விட்டு, மலேரியாக் காய்ச்சல் கண்டவனைப் போல உதறுகிறான். தண்ணீர் மேடையெல்லாம் தெறிக்கிறது. பிறகு ‘எனக்குப் பழி இல்லை’ என்ற வசனத்தைச் சொல்லி, நிறுத்தி, கழுத்தை ஒரு பக்கம் திருப்பி, இன்னொரு தரமும் சொல்கிறான். கீழே நீங்கள் எல்லோரும் கைதட்டும் படங்களாகப் போட்டுத் தள்ளியிருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் குரலிலேயே அனுப்பியிருந்தார்: “கை நடுங்கவேணும். வசனம் ரெண்டு தரம் வரவேணும். அதுதான் கொட்டாஞ்சேனை ஸ்டைல். பழைய கவர்னர் காட்டித் தந்தது, மாத்தக்கூடாது.”

அந்தப் பழைய கவர்னர் என் அப்பா. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன்; தட்டுகிற விரல் பக்கத்து எழுத்துக்கு ஓடிவிடுகிறது, திரும்ப அழிக்கிறேன். நானும் குரலில் அனுப்பலாம்தான். ஆனால் அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். கண்ணும் காலும் போனாலும் காது மட்டும் அவருக்குப் பழுதில்லை.

உங்களுக்கெல்லாம் அப்பாவை நினைவிருக்கும். கோயிலுக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். காலையில் துறைமுகத்து ஊதல் கேட்டால் ஆண்கள் எல்லோரும் பனியனும் சாரமுமாகக் குழாயடியில் நிற்பார்கள். அப்பா மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டி, கையிரண்டையும் கக்கத்துக்குள் கட்டிக்கொண்டு, நாடியைக் கொஞ்சம் தூக்கியபடி ஒழுங்கையால் நடந்து போவார். துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. அந்த நடைக்குத்தான் நீங்கள் கவர்னர் என்று பட்டம் வைத்தீர்கள். அவர் யாருக்கும் கை கொடுக்கமாட்டார். கையை நீட்டினால் இவர் நெஞ்சோடு கை கூப்பித் தலையை மட்டும் ஆட்டுவார். யார் வீட்டுக்குப் போனாலும் தேநீரைத் தொடமாட்டார். “ஆறட்டும்” என்பார். ஆறி, ஆடை படிந்து, ஈ விழுந்தாலும் அது அங்கேயே இருக்கும். எங்கேயாவது கையெழுத்துப் போடச் சொன்னால் பேனையை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, “திஸ் பென் இஸ் ஹோப்லெஸ்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவதென்றால்கூட என்னைத்தான் கொளுத்தச் சொல்வார். தான் பக்கத்தில் பெரிய மனிதர் மாதிரி நிற்பார்.

“என்ன எடுப்படி உன்ர கொப்பருக்கு!” என்று உங்கள் அம்மாக்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். ஒழுங்கையில் வேறு யாருடைய அப்பாவுக்கும் பட்டம் இல்லை.

ஆனால் அந்தச் சட்டைப் பொத்தானைக் காலையில் பூட்டிவிடுவது யாரென்று நீங்கள் கேட்டதில்லை. நான்தான். அப்பா கையை நீட்டிக்கொண்டு நிற்பார். பொத்தான் துவாரத்தைத் தேடி நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தால் உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும். சும்மா வைத்திருந்தால் அவ்வளவு இல்லை. எதையாவது எடுக்கப் போனால், ஒரு கரண்டி, ஒரு பேனை, ஒரு கோப்பை, உடனே தொடங்கிவிடும். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் கூடும். வீட்டில் அவருக்கு அரைக் கோப்பைதான் தேநீர். அதையும் இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். நற்கருணைப் பாத்திரத்தைச் சுவாமியார் பிடிப்பதைப் போல இருக்கும். வெளியில் நீங்கள் கண்ட எடுப்பெல்லாம் அந்தக் கையை ஒளிக்க அவர் கண்டுபிடித்த வழிகள். அவருக்கு எடுப்பு என்ற ஒன்றே கிடையாது, ஐயோ, அப்படி ஒரு பயந்த மனிதர்.

இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்திருந்தார். ஒரு கல்யாண வீட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடும்முன் யாரோ வற்புறுத்திக் கொஞ்சம் சாராயம் கொடுத்தார்களாம். அன்றைக்குக் கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் அரைப் போத்தல் வந்து குடியேறியது. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு மிடறு. மணம் தெரியாமலிருக்க மேலே ஒரு கராம்பு. அவ்வளவுதான். அவர் தள்ளாடி நான் கண்டதில்லை, சத்தம் போட்டுக் கேட்டதில்லை. மிடறு இறங்கினால் மத்தியானம்வரை எழுத்து ஒழுங்காக வரும்.

அம்மா போத்தலைக் கண்டுபிடித்தபோது வீடு இரண்டாகிவிட்டது. அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இப்போதும் வரவில்லை. அவருடைய அப்பா குடித்தே செத்தவர். விடியற்காலையில் தகப்பனின் கை நடுங்குவதைப் பார்த்து வளர்ந்தவர் அம்மா. குடிகாரனின் கை எப்படி நடுங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

“முதல் வந்தது நடுக்கம். இது பிறகு வந்தது. நம்பும்,” என்றார் அப்பா.

“எங்கட அப்பாவும் இதைத்தான் சொன்னவர். எழுத்துப் பிசகாமல் இதே கதைதான்,” என்றார் அம்மா.

அந்தக் கிழமைதான் கொயர் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த வருஷப் பாஸ்குக்கு ஆள் பிடித்துக்கொண்டு திரிந்தார். முன்னறையில் நின்றபடியே கதைத்தார். “பிலாத்துக்கு உங்களை விட்டால் ஆளில்லை. நீங்கள் நடிக்கவே வேண்டாம். தெருவில நடக்கிற மாதிரி மேடையில வந்து நில்லுங்கோ, ஊரே நம்பும்.”

அப்பா மாட்டேன் என்றார். தொண்டை சரியில்லை என்றார். வசனம் மனதில் நிற்காது என்றார். கை கழுவுகிற காட்சி ஒன்று இருக்கிறதே, அதுதான் காரணம் என்று எனக்கு விளங்கியது. கொயர் மாஸ்டர் விடவில்லை. போகும்போது சொன்னார்: “விபூதிப் புதனண்டு எல்லாரும் கோயிலுக்கு வரவேணும். தெரியும்தானே, பாஸ்கில நடிக்கிற ஆக்கள் தபசு காலம் முழுக்க மச்சமாமிசமும் தொடேலாது, குடியும் தொடேலாது. பீடத்தில கை வைச்சுச் சத்தியம்.”

அதுவரை குசினிக்குள் நின்ற அம்மா வெளியே வந்தார். “அவர் நடிப்பார் மாஸ்டர். பேரை எழுதுங்கோ.”

கொயர் மாஸ்டர் போன பிறகு அம்மா கதவைச் சாத்திவிட்டு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். நான் கதிரைக்குக் கீழே கால் நீட்டிக்கொண்டு பாடம் எழுதுகிற சாட்டில் இருந்தேன்.

“கோயிலில சத்தியம் பண்ணினா நீங்கள் மீறமாட்டீங்கள். அது எனக்குத் தெரியும். நாப்பது நாள் தொடாமல் இருங்கோ. குடியை விட்டால் கை நிக்கும். நிண்டுதெண்டால் நான் செத்தாலும் இதைப் பற்றி வாய் திறக்கமாட்டன்.”

“நிக்காட்டி?”

“நிக்காட்டி நீங்கள் சத்தியத்தையும் மீறி ஒளிச்சுக் குடிக்கிறீங்கள் எண்டு அர்த்தம். பிறகு எனக்கு இந்த வீட்டில என்ன இருக்கு? பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு அண்ணா வீட்டை போயிடுவன்.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சரி என்றார். அவர் வேறென்ன சொல்வார்?

விபூதிப் புதனன்று பீடத்தில் வரிசையாகக் கை வைத்தார்கள். அப்பா தன் வலது கைக்கு மேல் இடது கையை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார். என்ன பக்தி பார், என்று பின்னால் ஒரு மாமி சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கே அம்மா அரைப் போத்தலைச் சாக்கடைக் கானுக்குள் ஊற்றினார். எனக்கு ஒரு வேலையும் தந்தார்.

“அப்பா வேலையால வந்த உடன ஓடிப்போய்க் கொஞ்சு. கொஞ்சேக்கை மணந்து பார். பாத்திட்டு என்னட்டை வந்து சொல்லு.”

தினமும் பின்னேரம் ஓடிப் போனேன். வியர்வை மணத்தது. மை மணத்தது. சில நாள் கப்பல் தார் மணத்தது. சாராயம் மணக்கவில்லை, கராம்பும் மணக்கவில்லை. மூன்றாம் நாலாம் நாளே அப்பாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எனக்கு முன்னால் குந்தி, வாயைத் திறந்து என் முகத்தில் ஊதினார். “வடிவா மணந்து பார் மகள். பாத்திட்டுப் போய் உள்ளதைச் சொல்லு,” என்றார். கோபமில்லாமல் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. போய் அம்மாவிடம் மணக்கவில்லை என்றேன். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அரிசி கழுவப் போனார். அந்த நாட்களில் அம்மா பாடிக்கொண்டு சமைத்தார் என்பதையும் சொல்லவேண்டும். நம்ப விரும்பினார், பாவம்.

ஆனால் கை நிற்கவில்லை. மிடறு இல்லாததால் எழுத்து கோழி கிளறியதைப் போல ஆகிவிட்டது. அப்பா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சட்டைக் கையில் கோதுமை மாத்தூசி படிந்திருந்ததை நான்தான் கண்டேன். மேசையிலிருந்து எழுப்பிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்டதற்கு, “மூட்டை எண்ணுறதுக்குப் பேனை தேவையில்லை மகள், நல்ல வேலை,” என்றார். பொத்தானைக் கழற்றும்போது நான் அந்தத் தூசியைத் தட்டிவிடுவேன், அம்மா காணாமல்.

ஒத்திகையில் தண்ணீர் வைப்பதில்லை. வெறும் பாத்திரத்துக்கு மேல் கையைக் கொண்டுபோய் எடுத்தால் போதும். பிலாத்தின் அங்கிக்கு நீளமான கை. அப்பா அதற்குள்ளேயே ஒளித்துக்கொண்டார். அதனால் அன்றுவரை ஒருவரும் காணவில்லை.

நாடகத்தன்று பின்னேரம் பள்ளிக்கூட முற்றத்தில் மேடை. நீங்கள் எல்லோரும் முன்னால் பாயில் இருந்தீர்கள். எனக்கும் அம்மாவுக்கும் முதல் வரிசையில் கதிரை தந்திருந்தார்கள், நடிகருடைய குடும்பம் என்று. அம்மா கல்யாணத்தன்று கட்டிய வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தார். அப்பா மேடைக்கு வந்தார், கையைக் கட்டிக்கொண்டு, நாடியைத் தூக்கிக்கொண்டு. “டேய், கவர்னர்!” என்று பாயிலிருந்து நீங்கள் கத்தினீர்கள். சிரிப்பு. அம்மாவும் சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளங்கை குளிர்ந்திருந்தது.

பிறகு பித்தளைப் பாத்திரம் வந்தது. அப்பா அங்கிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். வைத்திருக்க ஒரு கக்கமில்லை, பிடித்துக்கொள்ள ஒரு பேப்பரில்லை. அவ்வளவு சனமும் பார்க்கிறது. தண்ணீரைத் தொடுமுன்பே கை ஆடத் தொடங்கிவிட்டது. விரல் பாத்திரத்தின் விளிம்பில் பட்டு அந்தச் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. தண்ணீர் அங்கியெல்லாம் ஊற்றியது. ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார், இரண்டும் சேர்ந்து ஆடின. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் இருந்தது பயம்.  எங்கேயோ ஒரு பெண் ‘ஐயோ’ என்றாள்.

பிறகு நீங்கள் கைதட்டினீர்கள். அடேயப்பா, என்ன கைதட்டல்! ஆட்கள் எழும்பி நின்று தட்டினார்கள். கொயர் மாஸ்டர் திரைக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தார். நானும் தட்டினேன். சுற்றிவரக் கைதட்டல் கேட்டதும், வீட்டில் நான் தினமும் கண்ட நடுக்கம் எனக்கே நடிப்பாகத் தெரிந்தது. அப்பா இவ்வளவு கெட்டிக்காரரா என்று நினைத்தேன்.

அம்மா என் கையை விட்டார். எழும்பினார். நின்று தட்டுகிற சனத்துக்கு நடுவே விலக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். அவ்வளவு பேரும் மேடையைப் பார்த்து நிற்க, ஒரு வெள்ளைச் சேலை மட்டும் முதுகு காட்டிக்கொண்டு போனால் மேடையில் நிற்கிற மனிதருக்குத் தெரியாதா? அப்பா “எனக்குப் பழி இல்லை” என்று வசனத்தைச் சொல்லி முடித்திருந்தார். அம்மா போவதைக் கண்டார். கழுத்தைத் திருப்பி, வாசலைப் பார்த்து, இன்னொரு தரம் சொன்னார். “எனக்குப் பழி இல்லை.” வசனத்தில் அது ஒரு தரம்தான் இருந்தது. மற்றது அம்மாவுக்குச் சொன்னது. நீங்கள் அதற்கும் கைதட்டினீர்கள்.

இதுதான் உங்கள் கொட்டாஞ்சேனை ஸ்டைல்.

நான் வீட்டுக்கு ஓடியபோது அம்மா பெட்டிக்குள் என் உடுப்பை அடுக்கிக்கொண்டிருந்தார். “அம்மா, ஒருநாளும் மணக்கேல்ல. சத்தியமா மணக்கேல்ல,” என்றேன்.

“நீ அவருக்கு வக்காலத்து வாங்காதை. அவரின்ர பிள்ளைதானே நீ.”

முகத்தில் பூசிய மாவைத் துடைக்காமலே அப்பா வந்து நிலைப்படியில் நின்றார். “தொடேல்ல. உம்மட தலையில அடிச்சுச் சொல்லுறன், தொடேல்ல.”

“ஊர் முழுக்க நடிப்பெண்டு கைதட்டுது,” என்றார் அம்மா. “அவைக்கு அங்க காட்டின நடிப்பைத்தான் எனக்கு நாப்பது நாளும் இங்க காட்டியிருக்கிறீங்கள்.”

அப்பா வாசல் பக்கம் திரும்பினார். வெளியே நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். கவர்னரைத் தூக்கிக்கொண்டு போக வந்திருந்தீர்கள். அது நடிப்பில்லை என்று வெளியே வந்து ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? அப்ப ஏன் நடுங்கியது? குடியா? நடிகனாக இருந்துவிடுவது நல்லது என்று நினைத்திருப்பார். போய் உங்கள் தோளில் ஏறினார்.

அந்த ஈஸ்டருக்கு நாங்கள் வெள்ளவத்தையில். மாமா வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை, அதற்குப் பின்னால் கடல். ரயில் போனால் யன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வருவார். முன்கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். தேநீர் கொடுத்தால் ஆறட்டும் என்பார். அவர் போன பிறகு மாமா கோப்பையைப் பார்த்து, “கொழுப்பைப் பாத்தியே? எங்கட வீட்டுத் தேத்தண்ணி இறங்காதாம்,” என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா அதை எடுத்துப்போய்க் கொட்டுவார்.

ஒரு ஞாயிறு மாமாவின் பிள்ளைகள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். நான்தான் அவர்களிடம் பெருமை அடித்திருந்தேன், எங்கள் அப்பா நடித்தால் ஊரே எழும்பும் என்று. “அப்பா, பிலாத்து மாதிரிக் காட்டுங்கோ,” என்று நானும் கெஞ்சினேன். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கக்கத்திலிருந்து கையை எடுத்து, மேசையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் தூக்கினார். வேறு ஒன்றும் செய்யவில்லை. தூக்கினார், அவ்வளவுதான். தேநீர் அவர் சட்டையில் ஊற்றியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டினார்கள். அவரும் சிரித்தார். 

நாங்கள் போன பிறகு அவர் காலை மிடறைத் திரும்பத் தொடங்கினார். திரும்ப மேசை வேலை கிடைத்தது. செய்தி வெள்ளவத்தைக்கு வந்தபோது, “பாத்தியா?” என்றார் அம்மா. அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா பிலாத்து வேஷத்தைப் பிறகு எடுக்கவே இல்லை. ஆனால் வருஷா வருஷம் புதிது புதிதாக ஒவ்வொருவர் கையை உதறி, கழுத்தைத் திருப்பி, வசனத்தை இரண்டு தரம் சொல்வதைக் கடைசி வரிசையில் இருந்து பார்த்தார். முடிந்ததும், “அங்கிள், சரியா வந்துதா?” என்று அவரிடம்தான் போய்க் கேட்பீர்களாம். நல்லம் என்பாராம். நான் வங்கியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் கொட்டாஞ்சேனை வீட்டில் தனியாகப் படுத்தவர் எழும்பவில்லை. அம்மா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அழாமல் நின்றார். “குடி கொண்டுபோட்டுது,” என்று வந்தவர்களுக்குச் சொன்னார். நானும் அதையே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஐந்தாறு வருஷமாக எனக்கும் கை ஆடுகிறது. யாருக்கும் காட்டவில்லை. வெளியே போனால் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொள்வேன். மற்றக் கையால் கைப்பையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். சாமான்காரப் பொடியன் மிச்சக் காசை நீட்டினால், “மேசையில வையுங்க தம்பி,” என்பேன். ஐந்தாம் மாடி மிஸிஸுக்குச் சரியான எடுப்பு என்று இந்தத் தொடர்மாடி முழுக்கக் கதை. லிப்டுக்குள் என் காதுபடவே சொன்னார்கள். கடைசியில் களுபோவிலப் பக்கம் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். ஒரு வட்டம் கீறச் சொன்னார், நான் கீறியது முள்ளம்பன்றி. “அம்மே, கெதர காட்டஹரி மேக்க திபுணத?” என்று சிங்களத்தில் கேட்டார். வீட்டில் யாருக்காவது இது இருந்ததா என்று.

அப்பாவுக்கு இருந்தது, அது குடியால் வந்தது என்றேன்.

டாக்டர் தலையாட்டினார். இது பரம்பரையாக வருகிற நடுக்கம், உயிருக்கு ஒன்றும் செய்யாது என்றார். சிலருக்குக் கொஞ்சம் குடித்தால் சற்று நேரம் கை நிற்கும், அதைக் கண்டுகொண்டு குடிக்கிறவர்களை வீட்டார் தலைகீழாக விளங்கிக்கொள்வார்கள் என்றார். பல பேருக்குச் சொன்னதை எனக்கும் சாதாரணமாகச் சொன்னார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள், நான் இன்னும் அங்கேயே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தொண்ணூறு வயதை எட்டிப் பிடிக்கிற மனுசி. அவரிடம் போய், நீங்கள் விட்டுவிட்டு வந்த மனிதர் உண்மை சொன்னவர் என்று சொல்வதா? கையை இன்னும் கவனமாக ஒளித்தேன். ஆனால் இந்தத் தபசு காலத்துக்குக் கொஞ்சம் முன்பு ஒரு காலை தேநீரைக் கொண்டுபோகும்போது அவர் படுக்கை விரிப்பில் சிந்திவிட்டது. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் கோப்பை தட்டில் அடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டது. 

“நீயும் குடிக்கிறியோ?” என்றார்.

கோயில், வீடு, செபமாலை என்று கிடக்கிற என்னைப் பார்த்து! சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும்.

“ஓம் அம்மா. இடைக்கிட,” என்றேன்.

அவர் அதிரவில்லை. “ரத்தம். உன்ர கொப்பரின்ர ரத்தம்,” என்றார். உயிரோடு இருக்கிறவரைக் காப்பாற்ற, செத்தவரை நான் இன்னொரு தரம் குடிகாரனாக்கினேன். அன்றைக்கு அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்குப் போடப் போகவில்லை. போக முகமில்லை.

விபூதிப் புதனன்று சுவாமியார் வீட்டுக்கு வந்து சாம்பல் பூசிவிட்டுப் போனதும், அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். தபசு காலம் முழுக்கத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணினேன். தொடாததைத் தொடமாட்டேன் என்பதில் என்ன கஷ்டம்? அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும், “கிட்ட வா, ஊது,” என்பார். குனிந்து ஊதுவேன். முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து மணந்து பார்ப்பார். 

நேற்றும் ஊதினேன். நேற்று என் முகத்தை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஒருநாளும் மணக்கேல்ல,” என்றார். “நீ கோயிலுக்குத் தவிர வெளிக்கிடவும் இல்லை. ராவு பகல் என்னோடதான் கிடக்கிறாய். ஒளிச்சுக் குடிக்க உனக்கு இடமும் இல்லை. அப்ப ஏனடி இன்னும் கோப்பை சத்தம் போடுது?”

அப்பாவிடம் அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. பதில் முதலிலேயே அவரிடம் இருந்தது. எனக்கு இனிப் பொய் வரவில்லை.

“இது வருத்தம் அம்மா. பரம்பரையா வாறதாம். நான் குடிக்கிறேல்ல. அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கு.”

அம்மா பிடியைத் தளர்த்தவில்லை. அழுவார் என்று நினைத்தேன். குடியைப் பற்றிக் கேட்பார், சத்தியத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

“அண்டைக்கு எல்லாரும் கைதட்ட, நான் எழும்பிப் போனனான். அவர் அதைக் கண்டவரோ?”

“இல்லை அம்மா,” என்றேன். “லைட் எல்லாம் அவரின்ர கண்ணிலதான் அடிச்சுது. கீழ இருந்த ஒருத்தரும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது.”

“மெய்யாவோ?”

“மெய்யா.”

என் முகத்தை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.  ஆனால் நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். என்னை மட்டும் கேட்டுவிட்டு நிற்கமாட்டார்.

அந்தப் பொடியனிடம் சொல்லுங்கள், கையை உதறவேண்டாம், வசனத்தை ஒரு தரம் சொன்னால் போதும். ஈஸ்டருக்கு உங்களில் சிலர் வழக்கம்போல அம்மாவைப் பார்க்க வருவீர்கள். நீங்களும் அன்றைக்கு அந்த முற்றத்தில் இருந்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். கேட்பார். லைட் கண்ணில் அடித்தது என்றே எல்லோரும் சொல்லுங்கள்.